வீடு பார்க்கப் போய் விருந்து சாப்பிட்ட கதை

பந்திங் பக்கம் புதிதாக எழும்பிய தாமான் குடியிருப்பில் அந்த மாடி வீட்டைப் பார்த்த அன்றே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. மூன்று குளியலறை, வெள்ளை வெளேரென்று சமையலறை, மேலே காற்று வாங்க ஒரு பால்கனி! வாடகை வீட்டில் ஒரே குளியலறைக்கு மற்றவர்களோடு வரிசையில் நின்றவளுக்கு வேறென்ன வேண்டும்? "இதுதான், இதுதான்" என்று குதித்தேன். அப்போது எனக்கு மூன்று மாதம். "மெதுவா லா, குதிக்காத" என்று என் வீட்டுக்காரர் பதறினார்.

அவர் லோரி ஓட்டுகிறார். வாரத்தில் மூன்று நாள் ஜொகூரில்தான் கிடப்பார். என் அம்மாவோ ஈப்போவில். அதனால் அவர் வீட்டைப் பார்க்காமல் தெருவை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார்.

"சுத்திப் பாரு, பாதி வீட்டுல ஆளே இல்ல. நான் அவுட்ஸ்டேஷன் போயிட்டா வயித்துப் பிள்ளையோட நீ தனியா என்ன பண்ணுவ?"

"ஆளுங்க வருவாங்க. வீடு நல்லாருக்கணும். அக்கம்பக்கத்தையா கட்டிக்கிட்டு அழப்போறோம்?" என்று எரிந்து விழுந்தேன். நான் பிடித்தால் பிடித்ததுதான். அது எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் தெரியும்.

அவரும் விடவில்லை. கிள்ளானில் ஒரு பழைய தாமானில் மாடி இல்லாத வரிசை வீடு ஒன்று விலைக்கு வந்திருந்தது. அதை ஒரு தடவை பார்த்துவிட்டு அப்புறம் பந்திங் வீட்டுக்கு புக்கிங் போடு என்றார். அவருக்கு லீவு கிடைத்த ஒரே நாள் தீபாவளி. கோயிலுக்குப் போய்விட்டு, புதுத் துணியோடு அப்படியே போனோம். வழியில் ஏஜென்ட் போன் செய்தார். தான் வரக் கொஞ்சம் தாமதமாகுமாம், ஓனர் அங்கேதான் இருப்பாராம், உள்ளே போய்ப் பார்க்கச் சொன்னார். வீட்டு எண்ணை நான் எங்கே எழுதி வைத்தேன்!

அந்த வரிசையில் கேட் திறந்து கிடந்தது ஒரே ஒரு வீடுதான். வாசலில் பெரிய கோலம், போர்ச்சில் கூடாரம், செருப்பு வைக்க இடமில்லை. எங்களைக் கண்டதும் ஓர் அக்கா ஓடி வந்தார். "வாங்க வாங்க, ஹேப்பி தீபாவளி! ஏன் இவ்ளோ லேட்டு?" என்று என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். தீபாவளிக்கு வீட்டைத் திறந்து வைத்து விருந்து போடும் ஓப்பன் ஹவுஸுக்கு வந்தவர்களை "நீங்க யாரு?" என்று எங்கள் நாட்டில் எவராவது கேட்பார்களா? எங்களைத் தன் கணவரின் ஆபீஸ் ஆட்கள் என்று அக்கா நினைத்திருக்கிறார். அக்காவின் சிநேகிதர்கள் என்று கணவர் நினைத்திருக்கிறார். விற்கிற மனுஷர்கள் இவ்வளவு தங்கமானவர்களா என்று நாங்கள் தோசையும் ஆட்டுக்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

கை கழுவியதும் என் வேலையை ஆரம்பித்தேன். சுவரைத் தட்டினேன். குழாயைத் திறந்து மூடினேன். சமையலறை அலமாரியைத் திறந்தபோது, "முறுக்கு மேல் தட்டுல இருக்கும்மா" என்றார் அக்கா, பாவம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"அக்கா, இந்த அடுப்ப விட்டுட்டுப் போவீங்களா, எடுத்துட்டுப் போவீங்களா?"

"எங்கம்மா போறோம்?"

"வீட்ட விக்கிறீங்கள்ல?"

அக்கா கணவர் பக்கம் திரும்பினார். "வீட்ட விக்கிறீங்களா? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?" அந்த மனிதர் பாயசக் கிண்ணத்தோடு எழுந்து நின்றுவிட்டார். "ஐயையோ, நான் இல்ல! பக்கத்து வீடு!" பக்கத்து வீட்டுக்காரரான சீன அங்கிள் எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து ஆட்டுக்கறியை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் விற்கிறேன் என்று கரண்டியோடு கையைத் தூக்கினார். வீடே சிரித்தது. எனக்கு மானம் போய்விட்டது, ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பிறகு அக்காவும், விருந்துக்கு வந்திருந்த நாங்கள் மக்சிக் என்று கூப்பிடும் எதிர்வீட்டு மலாய்க்காரப் பெரியம்மாவும் எங்களோடு சேர்ந்து அங்கிளின் வீட்டைப் பார்க்க வந்தார்கள். ஒரே குளியலறை. கூரையில் ஈரக்கறை. சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டும். "பாத்தாச்சுல்ல, கெளம்புங்க" என்று என் வீட்டுக்காரர் காதில் சொன்னேன். அந்த நேரம் பார்த்து வயிற்றைப் புரட்டியது. குளியலறைக்கு ஓடினேன்.

அக்கா பின்னாலேயே வந்து முதுகைத் தடவிவிட்டார். "எத்தன மாசம்?" என்றார். சொன்னேன். வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்றார். அதையும் சொன்னேன்.

"அவரு ஜொகூர்ல இருக்கறப்ப வலி வந்தா யாரம்மா கூப்பிடுவ?"

இதையே என் வீட்டுக்காரர் கேட்டபோது எரிந்து விழுந்தவள் நான். அந்தப் பால்கனி வீட்டில், இரண்டு பக்கமும் பூட்டிய கதவுகளுக்கு நடுவே நான் தனியாக நிற்பதை நினைத்துப் பார்த்தேன். பயந்துவிட்டேன். அழுகையே வந்துவிட்டது. மக்சிக் என் கைப்பேசியை வாங்கித் தன் நம்பரைப் போட்டுக் கொடுத்தார். தனக்குக் கார் ஓட்டத் தெரியும், எந்த நேரமும் கூப்பிடு என்றார் மலாயில். இன்னும் வீடே வாங்கவில்லையே மக்சிக் என்றேன். அதனால் என்ன என்றார்.

காரில் ஏறியதும், "ஏங்க, இந்த வீடுதான்" என்றேன்.

"அப்ப அந்த வெள்ளச் சமையலறை?"

"பெயின்ட் அடிச்சா எல்லாம் வெள்ளதான். பேசாம ஏஜென்டுக்குப் போன் போடுங்க!"

எனக்கு எட்டு மாதம் முடியும்போது சாவி கைக்கு வந்தது. குடிபோன மூன்றாவது வாரம், பகல் பதினொரு மணிக்கு வலி கண்டது. அவர் லோரியோடு ஜொகூரில் சிகாமட்டைத் தாண்டிவிட்டிருந்தார். போர்ச்சுக்கு வந்து ஒரே ஒரு முறைதான் கத்தினேன். மக்சிக் காரை எடுத்தார். அக்கா என்னைத் தாங்கிப் பிடித்து ஏற்றினார்.

பிள்ளை பிறந்ததும் நர்ஸ் வெளியே போய், "குடும்பத்தார் யார்?" என்று கேட்டாராம். இரண்டு பேரும் ஒன்றாக எழுந்து நின்றார்களாம். அவர்கள் மாற்றி மாற்றித் தூக்கி முடித்த பிறகுதான், சாயங்காலம் வந்து சேர்ந்த என் வீட்டுக்காரர் கைக்கு மகள் கிடைத்தாள்.