மூச்சு விட்ட ஜாடி

தங்கச்சி நர்சிங் படிக்கிறாள். ரெண்டு மணிக்கட்டிலும் எக்ஸிமா. சொறிந்து சொறிந்து தோல் வெடித்துக் கிடந்தது. திங்கட்கிழமை வார்டு போஸ்டிங். கை இப்படியே இருந்தால் உள்ளே விடமாட்டேன் என்று அவள் மேடம் கறாராகச் சொல்லிவிட்டார். ஆயின்மென்ட் போட்டும் அடங்கவில்லை.

நான் பயோடெக் முடித்தவன், சும்மா இருப்பேனா. எங்கள் ஊர் அடி அண்ணாமலையில், வீட்டுக்குப் பின்னால் அரிப்புக்குத் தடவுகிற குப்பைமேனி மண்டிக் கிடக்கும். பறித்து, வெல்லத் தண்ணீரில் போட்டு, கொஞ்சம் தயிர்த் தண்ணீர் விட்டு, ஊறுகாய் ஜாடியில் புளிக்க வைத்தேன். காஸ் சேருமே என்று தினமும் மூடியை லேசாகத் திறப்பேன். உஸ்ஸ்ஸ் என்று ஒரு பெருமூச்சு வரும்.

"உள்ள யாரோ உக்காந்துனு மூச்சு உடறாப்புல இருக்குடா," என்றாள் அம்மா.

"பாக்டீரியாம்மா. அதுங்களும் பொழைக்க வேணாமா?"

சிரித்தது நான் மட்டும்தான். ஜாடி மூச்சு விடும்போதெல்லாம் பக்கத்து அறையில் தங்கச்சி சொறியும் சத்தம் கேட்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் திறந்தால் சத்தமே இல்லை. புளிப்பு வாசனை போய் அழுகல் நாற்றம். அமிலம் பார்க்கிற தாளை நனைத்தேன். முந்தாநாள் ஆரஞ்சு காட்டியது, இப்போது பச்சை.

"யம்மா, இதுல என்னாத்த போட்ட?"

"வெளக்கேத்தறப்ப தெனம் ஒரு சிட்டிகை விபூதி போடுவேன். இன்னிக்கு மத்தியானம் ரொம்ப ஜாஸ்தியா சீறுச்சு. பயந்துபோயி ஒரு கை அள்ளிப் போட்டுட்டேன்."

விபூதி என்றால் சாம்பல். சாம்பல் புளிப்பை முறித்துவிடும். "போச்சு, மொத்தமும் வேஸ்ட்டு," என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

தங்கச்சி வந்து நின்றாள். "அண்ணா, அரிப்பு நின்னுடுச்சு."

"இத தடவுனியா?"

"சீ, அந்த நாத்தத்த எவ தடவுவா? மத்தியானம் அம்மா விபூதிய கொட்டுச்சுல்ல, அப்பலேர்ந்து இல்ல."

ஜாடியில் இருந்ததை முருங்கை மரத்தடியில் குழி தோண்டிக் கொட்டி மூடினேன். கை கழுவத் திரும்பினேன். பின்னால், மண்ணுக்கு அடியில், உஸ்ஸ்ஸ். வீட்டுக்குள்ளே தங்கச்சி சொறிய ஆரம்பித்தாள்.

அம்மா விபூதித் தட்டோடு ஓடிவந்தாள். பாக்டீரியா என்று வாய் வரைக்கும் வந்தது. தட்டை வாங்கி நானே குழிமேல் கொட்டினேன்.

திங்கட்கிழமை மேடம் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டாராம்.

இப்போது அவள் ஹாஸ்டலில். இங்கே மழை பெய்து குழிமேல் விபூதி கரைந்தால் உடனே போன் வரும்.

"அண்ணா, போட்டியா?"

"போட்டுட்டேன். நீ தூங்கு."