கசட் அட்டையில் இல்லாத முகம்

சின்ன வயதில் நான் கசட் நாடா தேயத் தேயக் கேட்ட காதல் பாட்டுகளைப் பாடியவர் இன்று என் டிசைன் கடைக்கு வந்தார். களுதாவளை ரஞ்சி அக்கா.

அந்தப் பாட்டுகளை அவருடைய மகன் இணையத்தில் ஏற்றப் போகிறானாம். புது அட்டைப்படம் வேண்டும்.

பழைய கசட் அட்டை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நீலச் சேலை, பெரிய கண்கள், காதோரம் ஒரு ரோஜா. அதுதான் ரஞ்சி அக்கா என்று நம்பி, நானும் ரோஜா செருகிக்கொண்டு கண்ணாடி முன் நின்று பாடியிருக்கிறேன்.

சொன்னதும் சிரித்தார்.

"அது ஆரெண்டு எனக்கும் தெரியா புள்ள. கலண்டர்ல வெட்டின படம். காதல் பாட்டுக்கு வடிவான முகம் வேணுமெண்டாங்க. பக்திப் பாட்டுக் கசட்டுக்கு குத்துவிளக்கப் போட்டாங்க."

"உங்கட படம்?"

"ஒண்டிலயும் இல்ல."

படமெடுக்க இருத்தினேன். நரைத்த முடியை முந்தானையால் மூடிக்கொண்டார்.

"முகத்தக் கொஞ்சம் வெள்ளையாக்கி விடுவியா?"

மாட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை. "ஒருக்காப் பாடுங்க அக்கா" என்றேன்.

இரண்டாவது வரியில் முந்தானை நழுவியது. கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தவர் கவனிக்கவில்லை. அப்போது எடுத்தேன்.

படத்தை நெடுநேரம் பார்த்தார். "என்ர அம்மாவப் போல இரிக்கன்" என்றார். பிறகு, "இதையே போடு."

மாலையில் மகன் வாட்ஸ்அப் அனுப்பியிருக்கிறான்: "அக்கா, காதல் பாட்டுத்தானே, ஒரு இளம் பொம்பிளைப் படம் போட்டா நல்லம்."

பாடினதே இவதான் தம்பி என்று நான் சொல்லிவிட்டேன். இதை வாசிக்கிற நீங்களும் கீழே கமெண்டில் அவனுக்கு ஆளுக்கொரு வரி சொல்லிவிட்டுப் போங்கள்.