எலும்பு நன்றாக இருக்கிறது

ஆள் எடுக்க வருகிறார்கள் என்றால் ஜோகுபாளையத்தில் எங்கள் தெருவுக்கு முதல் நாளே தெரிந்துவிடும். பெண் பார்க்க வருவதைக்கூட எங்கள் ஆட்கள் இவ்வளவு பரபரப்பாக எடுத்துக்கொண்டதில்லை. யாருடைய பூட்ஸ் கிழிந்திருக்கிறது, யாருக்கு இரண்டு நாளாக ஜுரம், யார் மாதா கோயிலில் ரகசியமாக மெழுகுவத்தி ஏற்றினான் என்பதெல்லாம் டீக்கடையில் அலசப்படும். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பெங்களூரின் பெரிய தொழிற்சாலைகள் பலவற்றுக்குச் சொந்தமாகக் கால்பந்து அணி இருந்தது. இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வருஷம் உதவித்தொகை கொடுத்து ஆடவிடுவார்கள். நன்றாக ஆடினால் நிரந்தர வேலைக்கு ஆர்டர். ஆடாவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள். நன்றிகூடச் சொல்லமாட்டார்கள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

என் தம்பிக்கு அப்போது பத்தொன்பது வயது. நான் அவனுக்கு ஆறு வயது மூத்தவள். சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. அப்பா ராணுவப் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "பையனுக்கு ஆர்டர் வரட்டும்" என்பதுதான் அப்போது வீட்டில் எதற்கும் அவருடைய பதில். கூரை ஒழுகினாலும் அதே பதில், அவருடைய கண் ஆபரேஷனுக்கும் அதே பதில், என் கல்யாணத்துக்கும் அதே பதில். என் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை, அது வேறு கதை.

தம்பி போன அந்த ஆள் தேர்வுக்கு அப்பாவோடு நானும் போயிருந்தேன். மைதானத்தின் ஓரத்தில் மூன்று நாற்காலி, ஒரு பிளாஸ்க், ஒரு குடை. உட்கார்ந்திருந்த மூன்று பேரும் பையன்களை வரிசையாக நிறுத்தி, டிரவுசரைத் தூக்கச் சொல்லித் தொடையை அழுத்திப் பார்த்தார்கள். அப்பா என்ன உயரம், அம்மா என்ன உயரம் என்று விசாரித்தார்கள். பந்தே இல்லாமல் ஓடச் சொன்னார்கள். பல்லைப் பிடித்துப் பார்க்காததுதான் பாக்கி. சந்தையில் மாட்டுக்கே இதைவிட மரியாதை கிடைக்கும் என்று அப்பாவிடம் சொன்னேன். "நீ வாயை மூடிக்கினு இரும்மா, அவங்க காதுல விழப்போவுது" என்றார்.

மூவரில் நடுவில் இருந்தவர்தான் அந்தத் தொழிற்சாலை அணியின் கோச். ஒரு காலத்தில் தானும் பெரிய ஆட்டக்காரராக இருந்தவர். எல்லோருக்கும் அவர் வெறும் 'சார்'. ஆள் எடுப்பதில் அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது, அதை ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். "பந்தை எவன் வேணா உதைப்பான். நான் அதைப் பார்க்கறதில்ல. கீழ விழுந்தா எப்படி எழுந்துக்கறான்னு பார்ப்பேன். அஷ்டே, அவ்வளவுதான்." அன்றைக்கு என் தம்பி இடது ஓரத்தில் பந்தோடு ஓடும்போது எதிராளி வேண்டுமென்றே அவன் காலை வாரினான். மண்ணில் முகம் குப்புற விழுந்தான். நான் பதறி எழுவதற்குள் அவன் எழுந்து, உதட்டில் ரத்தத்தோடு பந்தைத் துரத்திக்கொண்டு போய்விட்டான். சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்போதே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அப்பா அன்று பஸ்ஸில் ஏறாமல், வழியில் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டே நடந்து வந்தார்.

ஒன்றரை வருஷம் நன்றாகத்தான் போனது. தொழிற்சாலை கொடுத்த நீல நிற டிராக் சூட்டைத் தம்பி வீட்டிலும் கழற்றமாட்டான். துவைத்துக் காயப்போட்டால் ஈரத்தோடு எடுத்து மாட்டிக்கொள்வான். "கல்யாணத்துக்கும் இதையே போட்டுக்கோடா" என்று கிண்டல் செய்வேன். சிரிப்பான். அப்படிச் சிரித்த முகம் எனக்கு இன்றும் அப்படியே நினைவிருக்கிறது, அதை நினைக்காமல் இருக்கத்தான் முடியவில்லை.

ஆர்டருக்குச் சில மாதங்களே இருந்தபோது ஸ்டேடியத்தில் ஒரு லீக் ஆட்டம். நானும் அப்பாவும் காலரியில் இருந்தோம். கோட்டோரமாகப் பந்தை வாங்கிய தம்பி சட்டென்று உள்பக்கம் திரும்பினான். பக்கத்தில் ஒரு ஆள் கிடையாது. அப்படியே உட்கார்ந்துவிட்டான். எதிரணிக்காரன் ஒருவன் இரண்டு கையையும் விரித்துக் காட்டிச் சிரித்தான், நான் தொடவே இல்லை என்று. நடுவர் எழுந்திரு என்று கையை ஆட்டினார். தம்பி எழுந்தான், இரண்டு அடி வைத்தான், மறுபடியும் உட்கார்ந்தான். கோட்டுக்கு வெளியே சார் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள டப்புன்னு ஒரு சத்தம் கேட்டுச்சுக்கா" என்று ஆட்டோவில் சொன்னான். வீட்டுக்கு வருவதற்குள் முழங்கால் இளநீர்க் காய் அளவுக்கு வீங்கிவிட்டது. மறுநாள் எங்கள் கடைக்குப் பின்தெருவில் இருந்த டாக்டரிடம் கூட்டிப்போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, இப்படித் திருப்பி அப்படித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எலும்பு நல்லா இருக்கு. ஒரு கீறல்கூட இல்ல. கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்தா போதும்" என்றார். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான். எலும்பு நன்றாக இருந்தால் ஆள் நன்றாக இருக்கிறான் என்பதில் எங்கள் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

அந்தப் படத்தைப் பழுப்பு உறையில் போட்டு அப்பா ஊர்வலம் விட ஆரம்பித்தார். பக்கத்து வீடு, எதிர் வீடு, டீக்கடை, கோயில் வாசல். ஜோகுபாளையத்தில் என் தம்பியின் முழங்காலைப் பார்க்காத ஆள் இல்லை. தொழிற்சாலைக்கும் கொண்டுபோய் சாரிடம் காட்டினார். சார் வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துத் தலையாட்டினாராம். "அடுத்த மாசம் எறக்கிடலாம், தொந்தரவில்ல" என்றாராம்.

வீக்கம் வடிந்தது. நடந்தான். நேராக ஓடினால் முன்பைப் போலவே பறந்தான். திரும்பும்போது மட்டும் கால் மடங்கிக்கொண்டது. முதல் ஆட்டத்தில் இரண்டு முறை அப்படி ஆனது. அதன்பிறகு அவன் திரும்புவதையே தவிர்க்கத் தொடங்கினான். பந்து வந்தால் உடனே இன்னொருவனிடம் தள்ளிவிடுவான், எதிராளி நெருங்கினால் ஒதுங்கிக்கொள்வான். "திரும்புறப்ப அந்தக் கால் என்னோடதே இல்லாத மாதிரி இருக்குது சார்" என்று சாரிடம் சொல்லியிருக்கிறான். "எலும்பு நல்லா இருக்குல்ல? அப்புறம் இன்னா?" என்று கேட்டிருக்கிறார். கூட ஆடுகிற பையன்கள் அவனுக்குப் 'புதுப்பொண்ணு' என்று பேர் வைத்தார்கள், பார்த்துப் பார்த்து அடியெடுத்து வைக்கிறானாம். அவர்களில் பாதிப் பேர் எங்கள் வீட்டில் சோறு தின்றவர்கள். புத்தூர் கட்டு போடுகிறவரிடமும் அப்பா கூட்டிப்போனார். முட்டையும் பச்சிலையும் நாறியதுதான் மிச்சம்.

இரண்டு வருஷம் முடிந்ததும் சார் வீட்டுக்கே வந்தார். மற்றவர்களைப்போல ஆள் விட்டுச் சொல்லி அனுப்பவில்லை, அந்த அளவுக்கு நல்ல மனிதர். அதனால்தான் அவரை முழுசாக வெறுக்கக்கூட என்னால் முடியவில்லை. காபியைத் தொடாமலே வைத்துக்கொண்டு, "ஆர்டர் லிஸ்டுல பையன் பேர் இல்ல" என்றார்.

அப்பா உள்ளே போய்ப் பழுப்பு உறையை எடுத்து வந்தார். படத்தை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். "பாருங்க சார். நீங்களே பார்த்தீங்க. கால்ல ஒண்ணுமே இல்ல சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார் சார். குரலில் கோபம்கூட இல்லை. "கால்ல ஒண்ணும் இல்ல. இங்கதான்." நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "பயம் வந்துடுச்சு. கால் போனவனைக்கூட கூட்டிக்கினு வந்து சரிபண்ணிடலாம். பயம் பூந்தவனை வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

மகனைக் காப்பாற்ற அப்பா தூக்கிக்காட்டிய படமே அவனைக் கவிழ்த்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில், "வலிக்குதுன்னு சொல்றவன் வாயை நம்பமாட்டீங்க, பேசாத படத்தைத்தான் நம்புவீங்களா?" என்று கத்தினேன். "நீ உள்ள போம்மா" என்றார் அப்பா. அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரோரமாக நின்றிருந்த மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சார் சொன்னதை அவர் நம்பிவிட்டார் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. தம்பி குனிந்துகொண்டான்.

அந்த வருஷம் தீபாவளியை ஒட்டிச் சூரிய கிரகணம் வந்தது. எக்ஸ்ரே படம் வழியாகப் பார்த்தால் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அது பொய் என்பதெல்லாம் எங்கள் தெருவுக்குத் தெரியாது. காலையிலேயே அப்பாவைத் தேடி வந்துவிட்டார்கள். அவரும் எடுத்துக்கொடுத்தார். தெருவில் வரிசையாக நின்று, கைமாற்றிக் கைமாற்றி, என் தம்பியின் முழங்கால் வழியாக எல்லோரும் சூரியனைப் பார்த்தார்கள். புதிதாகக் குடிவந்த ஒருவர், "யாரு காலுங்க இது?" என்று கேட்டார். "எம் பையனுது" என்றார் அப்பா. "நல்லா பாருங்க, ஒரு கீறல் இருக்குதா?" தம்பி வீட்டுக்குள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். நான் போய்க் கதவைச் சாத்தினேன்.

பிறகு நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை கிடைத்தது, காண்டிராக்ட் ஆள்தான். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்யும் வேலை. அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கினான். ஞாயிற்றுக்கிழமை வருவான். அப்பாவுக்கும் அவனுக்கும் இடையில் "சாப்டியா", "சாப்டேன்" என்ற இரண்டு வார்த்தைகளே மிஞ்சின. பூட்ஸை யாருக்கோ கொடுத்துவிட்டான். டிவியில் ஆட்டம் ஓடினால் எழுந்து வெளியே போவான். தெருவில் சின்னத் தகராறு என்றாலும் ஒதுங்கிக்கொள்வான். ஏன்டா என்று ஒருமுறை கேட்டதற்கு, "நான் அப்படித்தான் போலக்கா. சார் கரெக்டாத்தான் பார்த்திருக்காரு" என்றான். அவன் அழுதிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு. சாதாரணமாகச் சொன்னான், தனக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாகச் சொல்வது போல.

அப்பா படுக்கையில் விழுந்த பிறகு தம்பிதான் லீவு போட்டு வந்து பார்த்துக்கொண்டான். பார்க்க வந்த ஒருவரிடம் அப்பா, "நல்லா ஆடுவாம்பா எம் பையன். தைரியம் மட்டும்தான் பத்தல" என்று சொன்னது என் காதில் விழுந்தது. தம்பி அப்போது அவருடைய காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். கை நிற்கவில்லை. கொஞ்ச நாளில் அப்பா போய்விட்டார். பெட்டியை ஒழித்தபோது பழுப்பு உறை கிடைத்தது. கிழித்துப் போடப் போனேன். "இருக்கட்டும்கா" என்று வாங்கிக்கொண்டான்.

அப்பா இறந்து மூன்று வருஷம் கழித்து, கம்பெனி கேன்டீனில் ஈரத் தரையில் வழுக்கி விழுந்தான். அதே முழங்கால். ஓசூர் ரோட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சின்ன வயசு டாக்டரம்மா. தம்பி பையிலிருந்து பழுப்பு உறையை எடுத்து நீட்டி, "பழைய அடி மேடம். ஆனா எலும்பு நல்லா இருக்குன்னு சொன்னாங்க" என்றான். அவள் அதைப் பிரிக்கவே இல்லை. அவனைப் படுக்கவைத்து, காலை மடக்கி, கெண்டைக்கால் பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து முன்னால் இழுத்தாள். கால் இழுப்பறை மாதிரி வந்தது. அவளுக்கு அந்த ஒரு நிமிஷம் போதுமாக இருந்தது. உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் ஸ்கேன் எடுத்தாள்.

"உள்ள ரெண்டு எலும்பையும் கட்டிப்புடிச்சிருக்கிற லிகமெண்ட், நார் மாதிரி இருக்கும். அது முழுசா அறுந்துபோயிருக்கு. இன்னிக்கு அறுந்தது இல்ல, பல வருஷம் ஆயிருக்கும்" என்றாள். "எக்ஸ்ரேல எலும்பு மட்டும்தான் தெரியும். இது தெரியாது. அப்ப யாரும் உங்களுக்குச் சொல்லலையா?"

தம்பி திரையில் இருந்த ஸ்கேன் படத்தைப் பார்த்தான். பிறகு கேட்டான்: "மேடம், பயந்தா இப்படி ஆவுமா?"

அவளுக்குக் கேள்வி புரியவில்லை. "பயமா? பயத்துக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்? இது அறுந்தா யாரா இருந்தாலும் திரும்புறப்ப கால் நிக்காது" என்று சொல்லிவிட்டு, இத்தனை வருஷத்தில் முட்டி தேய்ந்துவிட்டதாகவும், இனி ஆபரேஷன் செய்தாலும் நடப்பதற்குத்தான் உதவும் என்றும் விளக்கினாள். நான்தான் கேட்டுக்கொண்டேன். அவன் கேட்டதாகத் தெரியவில்லை.

வெளியே பஸ் நிறுத்தத்தில் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஹெப்பகோடி பஸ் ஒன்று வந்து, நின்று, போனது. அவன் எழவில்லை. பழுப்பு உறை மடியில் இருந்தது.

"அப்ப நான் பயப்படலக்கா" என்றான்.

"இல்லடா" என்றேன். அவன் என் பக்கம் திரும்பினான். முப்பது தாண்டிய ஆள், முன்தலை நரைத்தவன், உதட்டில் ரத்தத்தோடு எழுந்து ஓடிய அந்த முகம் அதற்குள் எங்கோ இருந்தது.

"அப்பாகிட்ட யாருக்கா சொல்றது?"