தெரு தூக்கிய தியாகி

போலீஸ்காரர் தனிஸ்லாஸ் தியாகி ஆவதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தவன். பார்த்தவன் என்ன, அவரைத் தூக்கிய தோள்களில் ஒன்று என்னுடையது!

1954 நவம்பர் முதல் தேதி. பிரெஞ்சுக்காரன் ஆட்சி முடிந்து புதுச்சேரியே தெருவில் இறங்கியிருந்தது. எங்கள் தெரு ஆட்கள் நாங்களும் கொடியும் கையுமாகக் கடற்கரைக்கு ஓடிக்கொண்டிருந்தோம். சைக்கிள் கடை பலராமன் முன்னால் கத்தினான். அவன் கத்தியதை நாங்கள் கத்தினோம். என்ன கத்துகிறோம் என்று பாதி நேரம் எனக்கே தெரியாது. பெரிய வாய்க்கால் பாலத்தில் எதிரே வந்து மாட்டினார் தனிஸ்லாஸ், பிரெஞ்சு போலீசின் சிவப்புத் தொப்பியோடு. ஆறு மாதத்துக்கு முன்னால்தான் இதே ஆள், மேலிடத்து உத்தரவு என்று எங்கள் ஊர்வலத்தில் புகுந்து தடியால் விளாசியிருந்தார்.

"புடிங்கடா அந்தாள!" என்றான் பலராமன்.

தனிஸ்லாசுக்கு முகம் வெளுத்துப் போனது. முன்னால் நாங்கள், பின்னால் வாய்க்கால். சட்டென்று தொப்பியைக் கழற்றித் தண்ணீரில் வீசிவிட்டு, தொண்டை கிழிய "ஜெய் ஹிந்த்!" என்றார்.

அடுத்த கணம், "போடு! போலீசே நம்ம பக்கம்டா!" என்று யாரோ ஒருவன் கூவினான். அவ்வளவுதான், அடிக்க ஓங்கிய கைகளே அவரைத் தூக்கின. அன்று கடற்கரை வரை அவர் கால் தரையில் படவில்லை.

மறுநாளிலிருந்து அவர் பெயர் தியாகி. புது சர்க்காரிலும் போலீஸ் வேலை நிலைத்தது. ஆனால் மனுஷர் மாறிப்போனார்! முன்பெல்லாம் வழக்குக்கு ஒரு சேவல் என்று சத்தமில்லாமல் வாங்கிக்கொள்வார். ரெட்டியார்பாளையத்திலிருந்து ஒருவன் வழக்கம்போல் சேவலோடு வந்தான். கை நீட்டியவர், எதிர்க்கடையில் நாங்கள் உட்கார்ந்து பார்ப்பதைப் பார்த்துவிட்டார். "தியாகிக்கு லஞ்சமா?" என்று தெருவே அதிரக் கத்தினார். நாங்கள் கைதட்டினோம். கைதட்டலின் ருசி சேவலைவிட அதிகம் போலிருக்கிறது. அதற்குப் பிறகு யாரிடமும் அவர் ஒரு முட்டைகூட வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கும் கதர்ச் சட்டைதான். ஒவ்வொரு நவம்பரிலும் தெருமுனையில் கொடி ஏற்றுவது அவர்தான். அவர் கண்ணில் படக் கூசியே நானும் சாராயத்தை விட்டேன். எங்களைப் பார்த்து அவர், அவரைப் பார்த்து நாங்கள் என்று எட்டு வருஷம் ஓடியது. அதற்குள் அவர் வேலையிலிருந்து ஓய்வும் பெற்றுவிட்டார்.

1962 ஆகஸ்டில் புதுச்சேரி சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடிகளாகவே இருக்க நினைப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுத் தூதரகத்தில் கையெழுத்துப் போடலாம் என்றார்கள். தனிஸ்லாஸ் வீட்டில் புயல் கிளம்பியது. ஒரே மகள் ஞானமேரி, பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரரைக் கட்டிக்கொண்டு பிரான்சில் மர்செய் நகரத்தில் இருந்தாள். தலைப்பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"கையெழுத்து போட்டுட்டா அங்கயே போயி புள்ளையோட இருந்துடலாங்க" என்று மனைவி ரோசா கெஞ்சினார்.

"தெரு காறித் துப்பும்டி. நான் தியாகி!"

"துப்பட்டுமே. பேரப்புள்ளைய தெருவா கொஞ்சப் போவுது?"

சுவருக்கு இந்தப் பக்கம் குடியிருந்த எனக்கு எல்லாம் காதில் விழுந்தது. எனக்குள்ளும் அதே புழுதான் குடைந்துகொண்டிருந்தது. பிரான்சில் கப்பல் துறையில் வேலை பார்த்த என் தம்பி, "கிளம்பி வா" என்று கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டுக்கொண்டிருந்தான்.

ஒருநாள் காலை, மண்ணெண்ணெய் வாங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, தூதரகத்துக்குப் போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவன் செய்தித்தாளால் முகத்தை மறைத்திருந்தான். கடற்காற்றில் தாள் விலகியது. பலராமன்!

"இராமதாசு! நீ எங்கடா இங்க?"

"பொறந்த சர்டிபிகேட்டு வாங்க வந்தேன்."

"நானும் அதுக்குத்தான்."

அது நகராட்சியில் கிடைக்கும், இங்கே கிடைக்காது என்பது இருவருக்கும் தெரியும். திரும்பிப் பார்த்தால் எங்கள் தெரு ஆட்கள் இன்னும் ஐந்து பேர். எல்லோருக்கும் அதே சர்டிபிகேட்டுதான் வேண்டுமாம்!

அப்போது குடையைத் தாழ்த்திப் பிடித்தபடி தனிஸ்லாஸ் உள்ளே நுழைந்தார். எங்களைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். தன்னைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் நாங்கள் வந்திருக்கிறோம் என்று நினைத்தாராம். பிறகு அவரே சொன்னார். எங்களுக்கோ, தியாகி எங்களைப் பிடிக்க வந்துவிட்டார் என்ற பயம். பலராமன் கையை உயர்த்தி, "ஜெய் ஹிந்த்!" என்று கத்தியே விட்டான்.

தனிஸ்லாஸ் அதைவிட உரக்கக் கத்தினார். அப்புறம் யார் வரிசையில் நிற்பது? ஏழு பேரும் அவரைச் சூழ்ந்துகொண்டு வாசலுக்கு வெளியே பாய்ந்தோம். காவல்காரன் வாயைப் பிளந்தான். ரோட்டில் போனவர்கள் என்ன ஏது என்று கேட்காமலே சேர்ந்துகொண்டார்கள். வாய்க்காலைத் தாண்டும்போது ஐம்பது பேர், தனிஸ்லாஸ் மறுபடியும் தோளில்! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, கூடவே அழுகையும் வந்தது. போன காரியம் நடக்கவில்லை. ஆனால் எல்லோரையும்விடப் பலமாகக் கத்தியது நான்தான். வெட்கம் கெட்ட தொண்டை!

கூட்டம் அவர் வீட்டு வாசலில் நின்றது. கால் மரத்துப் போயிருந்தவரை நான்தான் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப் போனேன்.

"போட்டாச்சா?" என்றார் ரோசா.

"எப்படிடி போடறது? தெருவே அங்க நிக்குது."

"நான் நேத்தே போட்டுட்டேன்."

தனிஸ்லாஸ் என் தோளை விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ரோசா நிறுத்தவில்லை.

"புருஷன் கையெழுத்து பொஞ்சாதிக்கு ஆவாதாம். அவங்கவங்க தனித்தனியா போடணுமாம். என்னை யாரும் தோள்ல தூக்கி வெக்கல. நடந்து போனேன், போட்டேன், வந்துட்டேன். புள்ள பெறக்கறப்ப நான் அங்க இருப்பேன். நீங்க வர்றீங்களா, இங்கயே கொடி ஏத்திக்கிட்டு இருக்கீங்களா?"

வெளியே, "தியாகி பேசணும்! தியாகி பேசணும்!" என்று கூச்சல் கூரையைப் பிய்த்தது. தனிஸ்லாஸ் வாசலுக்குப் போய்க் கும்பிட்டார். கூட்டம் ஆர்ப்பரித்தது. கதவைச் சாத்திவிட்டு மனைவியின் காதருகே குனிந்தார்.

"காலையில எத்தினி மணிக்குத் தொறக்கறாங்க?"

"எட்டு" என்றார் ரோசா.

அவர் ரகசியமாகத்தான் கேட்டார். நானும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டேன்.