வேனுக்குப் பின்னால் தொங்கிய வாளி

"இந்தக் கடல் என் காலை ஒருநாளும் தொட்டதில்ல. தொடவும் விடமாட்டேன்."

தன் வேனில் ஊர் சுற்றிப் பார்க்க ஏறும் ஒவ்வொரு கூட்டத்திடமும் வேன்காரர் இப்படித்தான் அறிமுகமாவார். படையெடுத்து வந்த எதிரியைத் துறையிலேயே மறித்துத் திருப்பி அனுப்பியவர் போல மார்பு நிமிர்ந்திருக்கும்.

எங்கள் ஊரில் இது பெருமைதான். அந்தக் காலத்துச் சீமான்கள் ஓய்வெடுக்க வந்த கடற்கரை இது. இன்றும் உலகமே வந்து கால் நனைக்கிறது. உள்ளூர்க்காரர்கள் நனைப்பதில்லை. நனைத்தால் வெளியூர் ஆள் என்று நினைத்து டீக்கடையில் விலையை ஏற்றிவிடுவார்கள்.

வேனுக்குப் பின்னால் ஒரு நீல வாளியும் குவளையும் தொங்கும். மணல் போகக் கால் கழுவாமல் எவரும் ஏறக் கூடாது. சட்டம் போட்டவரும் காவல் நிற்பவரும் அவரே.

அவருடைய மனைவி கடலே காணாத ஊரில் பிறந்தவர். கடற்கரை ஊர் மாப்பிள்ளை என்ற ஒரே காரணத்துக்காகத் தலையாட்டியவர். அலையில் ஒருதரம் சேர்ந்து நிற்கலாம் என்று அவர் கேட்கும்போதெல்லாம், ஊர் சிரிக்கும் என்று கணவர் வாயை அடைத்துவிடுவார். இப்போது மனைவிக்கு மூட்டு தேய்ந்துவிட்டது. மணலில் நடப்பதை இந்தக் கோடையோடு விட்டுவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவி கணவரிடம் வாதாடவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த தங்கையைக் கூட்டிக்கொண்டு, பயணிகளோடு பயணியாக வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

வேன்காரருக்கு வியர்த்தது. ஆனாலும் கடமை தவறவில்லை. இடிந்த கோட்டை, கலங்கரை விளக்கம், சீமாட்டிகள் திரை கட்டிக் குளித்த பழைய குளியல் மண்டபம் எல்லாம் காட்டினார். சொந்தப் பெண்டாட்டியே கேட்டுக்கொண்டிருந்ததால் அன்றைக்கு வரலாற்றில் பொய் சற்றுக் குறைந்திருந்தது.

கடற்கரை வந்ததும் கூட்டம் ஓடியது. மனைவி மட்டும் அலை எட்டாத இடத்தில் முட்டியைப் பிடித்தபடி நின்றார். தங்கை கை நீட்டியதற்கு வேண்டாமென்று தலையசைத்தார்.

தங்கை வேனுக்கே திரும்பி வந்தாள்.

"அக்கா உங்களுக்காகத்தான் நிக்குது, அத்தான். நீங்க என்ன உப்புல செஞ்ச ஆளா, தண்ணி பட்டா கரைஞ்சு போறதுக்கு?"

வேன்காரர் ஏற்கெனவே பளபளத்த கண்ணாடியை இன்னொரு முறை துடைத்தார். டீக்கடைப் பக்கம் பார்த்தார். உள்ளூர்க் கண்கள் அத்தனையும் அங்கேதான் குந்தியிருந்தன. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் கரைக்கு நடந்தார்.

"தண்ணி ஜில்லுனு இருக்குமாங்க?" என்று மனைவி கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்?" என்றார், ஊருக்கெல்லாம் கடலை விளக்கியவர்.

கூட்டம் திரும்பியபோது வாளியருகே வழக்கம்போல் வரிசை நின்றது. அதன் கடைசியில், சுருட்டிவிட்ட கால்சட்டையோடு, மனைவியின் கையை விடாமல், குவளைக்காகக் காத்திருந்தார் வேன்காரர்.