கானில் அடைத்த என் முடி

டெங்கு வந்தபோதுகூட நான் அழவில்லை. கண்டி ஆஸ்பத்திரியில் ஒரு வார்டில் ஆறு நாள் கிடந்தேன். வாயில் எதை வைத்தாலும் குமட்டியது. என் கணவர் இரண்டு வேளையும் வந்து, நான் எடுத்த வாந்தியை வெறுங்கையால் துடைத்தார். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு மாதத்தில் உடம்பு தேறியது. டவுனில் நான் வேலை செய்யும் புடவைக் கடைக்குத் திரும்பவும் போகத் தொடங்கினேன்.

மூன்றாம் மாதம் முடி கொட்ட ஆரம்பித்தது.

எனக்கு இடுப்பைத் தாண்டிய முடி. அதில் எனக்குப் பெருமை இருந்ததை மறைக்கப் போவதில்லை. முதலில் சீப்பில் கொஞ்சம் கூடுதலாக வந்தது. பிறகு குளிக்கும்போது, விரலைத் தலைக்குள் விட்டால் விரலோடு கொத்தாக வந்தது. ஈர முடி முதுகிலும் தொடையிலும் ஒட்டிக்கொண்டு, புழு ஊர்வதுபோல் மெல்ல இறங்கும். சவர்க்காரத்தில் சுற்றிக்கொள்ளும். துவாயில் இருக்கும். காலையில் எழும்பும்போது வாய்க்குள் ஒன்று இருக்கும். அதை நாக்கால் தேடி இழுத்து எடுக்கையில் எனக்கு ஓங்கரிக்கும்.

கடையில் என் பகுதி வெள்ளைத் துணி. போயா என்னும் பௌர்ணமி நாளில் விகாரைக்கு உடுத்திப் போக வாங்குவார்கள். வெள்ளைச் சேலையை மேசைமேல் விரிப்பேன். நடுவில் என் முடி ஒன்று கறுப்பாக நெளிந்து கிடக்கும். வந்தவர் பார்க்கும் முன் கையால் தடவுவதுபோல் எடுத்துவிடுவேன். ஒரு நாள் ஒரு அம்மா எனக்கு முந்திவிட்டார். இரண்டு விரலால் அதைத் தூக்கி, என்னையும் பார்த்து, வேறு சேலை எடுக்கச் சொன்னார். சேலையில் அழுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

வீட்டில் அதைவிட மோசமானது நடந்தது. பருப்புக் கறியும் சோறும் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவர் சட்டென்று நிறுத்தி, வாய்க்குள் விரலை விட்டார். நீளமாக ஒரு முடியை இழுத்தார். அது வந்துகொண்டே இருந்தது, பாதி தொண்டைக்குள் இருந்திருக்க வேண்டும். சிங்கிற்கு ஓடி வாந்தி எடுத்தார். சாப்பாட்டுப் பீங்கானை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

அதற்குப் பிறகு பல நாள், "வெளியில சாப்பிட்டுட்டேன்" என்றார். ஒரு பின்னேரம் ஒரு சிறிய ஷொப்பிங் பெக்கை அடுப்புப் பக்கத்தில் வைத்தார். உள்ளே குளிக்கும்போது போடும் பிளாஸ்டிக் தொப்பி.

"சமைக்கும்போது இதப் போட்டுக்க" என்றார், என்னைப் பார்க்காமல்.

போட்டுக்கொண்டேன். வியர்வை நெற்றியில் வழிய, அந்தத் தொப்பியோடு தேங்காய் துருவினேன். அவர் மேல் வந்த வெறுப்பு சாதாரணமானதில்லை. என் வாந்தியைத் தொட்ட கைக்கு என் முடியைத் தொட ஏன் இப்படிக் கூசுகிறது என்று யோசித்தேன். யோசித்தபடியே, தொப்பிக்குள் உதிர்ந்து கிடந்ததை நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் குப்பையில் கொட்டினேன்.

கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்காரர்கள் முஸ்லிம் குடும்பம், கீழே இருக்கிறார்கள். அந்த அம்மாவை நான் அக்கா முறையில் ராத்தா என்றும், அவர் கணவரை அண்ணன் முறையில் நானா என்றும் கூப்பிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ராத்தா மேலே வந்து கதவைத் தட்டினார்.

"புள்ள, கொஞ்சம் கீழ வாங்களேன். பாத்ரூம்ல தண்ணி மேல வருது. கானுக்குள்ள எலி ஏதும் செத்துக் கெடக்கோ தெரியல்ல."

நானா தொழுகைக்குக் கைகால் கழுவும் இடம் அது. மேலே எங்கள் குளியல் தண்ணீரும் அந்தக் கான் வழியாகத்தான் வெளியே போகும். சாம்பல் நிறத் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு நின்றது. என் ஷாம்பூ வாசம் எனக்குத் தெரிந்தது. நானா காற்சட்டையை மடித்துவிட்டு, வளைத்த கம்பியைக் கானுக்குள் விட்டு இழுத்துக்கொண்டிருந்தார். கம்பியின் முனையில் ஏதோ வழுவழுவென்று எட்டிப் பார்த்தது. ராத்தா, "எலிதான்!" என்று பின்னுக்குப் போனார்.

எலி இல்லை என்று எனக்கு விளங்கிவிட்டது.

"நானா, விடுங்க. நான் எடுக்கிறேன்."

அவர் மறுத்தார். கம்பியை அவர் கையிலிருந்து கிட்டத்தட்டப் பறித்தேன். கம்பி வழுக்கவே கையையே கானுக்குள் விட்டேன். சோப்பு அழுக்கும் சளிபோன்ற ஏதோ ஒன்றும் ஊறிய முடி, என் முழங்கை நீளத்துக்கு வந்தது. புளித்த நாற்றம். அது ஒரு காலத்தில் என் தலையில் இருந்தது என்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தண்ணீர் கடகடவென்று இறங்கியது. நானா முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனார். அது மரியாதைக்காகவா, குமட்டலாலா என்று எனக்குத் தெரியாது.

ராத்தாவும் நானும் குளோரின் போட்டுத் தரையைத் தேய்த்தோம். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் தேய்த்துக்கொண்டிருந்த தும்புத்தடியை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"எனக்கும் கொரோனா வந்து சுகமாகி, ரெண்டு மூணு மாசத்தில இப்படித்தான் கொட்டிச்சி. ஒங்கட நானாக்குக்கூடக் காட்டல்ல. எந்நேரமும் முக்காடு போடுற எனக்கு மறைக்க ஏலும். நீங்க என்ன செய்யிற? டொக்டர்ட்ட காட்டுங்க."

நான் உடனே டொக்டரிடம் போகவில்லை. எல்லாவற்றையும் வெட்டி எறிந்தால் போதும் என்று தோன்றியது. அடுத்த நாள் வேலை முடிந்து டவுனில் ஒரு சலூனுக்குப் போனேன். பெண்கள் மட்டும் போகும் சிறிய இடம். அங்கிருந்த பிள்ளை என் தலையில் சீப்பை வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். கொத்தாக வந்தது. கையை உதறிவிட்டு முதலாளியம்மாவைக் கூப்பிட்டாள். அந்த அம்மா மாஸ்க்கை எடுத்துப் போட்டுக்கொண்டு, தூர நின்றபடி என் தலையை எட்டிப் பார்த்தார்.

"நங்கி, இது ஏதோ தொத்து வருத்தம். மற்ற ஆக்களும் இங்க வாறாங்க" என்று, தங்கச்சி முறையில் கூப்பிட்டு, சிங்களத்தில் சொன்னார்.

நான் கதிரையிலிருந்து எழும்புவதற்குள், அந்தப் பிள்ளை சீப்பைக் குப்பை வாளிக்குள் போட்டாள். என் கண்முன்னால்.

பஸ்ஸில் கடைசி சீட்டில், ஜன்னல் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்து வந்தேன். பக்கத்தில் இருப்பவர் மேல் ஒரு முடியும் விழக்கூடாது என்று வழி முழுக்கத் தலையைச் சேலைத் தலைப்பால் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன்: "நாளைக்கு டொக்டர்ட்ட போறோம். நீங்களும் வாங்க."

டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். என் முடியில் கொஞ்சத்தைப் பிடித்து மெதுவாக இழுத்தார், வந்ததைத் தன் உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். கையுறை போடவில்லை. அதைக் கண்டதும் நான் அழுதுவிட்டேன்.

"டெங்கு வந்ததோ? ஓம், இது வாறதுதான். பெரிய காய்ச்சலுக்குப் பிறகு ரெண்டு மூண்டு மாசத்தில கொட்டும். வேர் சாகேல்லை, திரும்ப வளரும். ரத்தத்தில இரும்புச் சத்தை மட்டும் ஒருக்காப் பாப்பம்."

கணவர் கேட்டார்: "டொக்டர், இது தொத்துமா?"

டொக்டர் உள்ளங்கையை மூடாமலே அவர் பக்கம் திரும்பினார். "தொத்தாது. பயப்பிடாமல் இருங்கோ."

வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்கோலை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "சலூன்ல வெட்ட மாட்டாங்களாம். நீங்க வெட்டுங்க." கழுத்துவரை கோணல்மாணலாக வெட்டினார். தரையில் விழுந்ததையெல்லாம் குந்தியிருந்து கையால் அள்ளி, ஒரு பேப்பரில் சுற்றினார்.

"அருவருப்பா இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கு" என்றார்.

இல்லை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அன்று அவர் வீட்டிலேயே சாப்பிட்டார். ஒவ்வொரு வாய்க்கும் முன் சோற்றைக் கிளறிப் பார்த்தார்தான்.

கொட்டுவது நிற்க இன்னும் மூன்று நான்கு மாதம் எடுத்தது. பிறகு நெற்றி ஓரத்தில் சின்னச் சின்ன முடி முளைத்து, என்ன எண்ணெய் வைத்தாலும் படியாமல் விறைத்து நின்றது. இப்போது தலை நிறைய இருக்கிறது. ஆனால் தோளைத் தொட்டதும் வெட்டிவிடுகிறேன்.

போன மாதம் கணவர், "இந்தத் தடவ வளர விடேன். முந்தி எவ்வளவு அழகா இருந்துச்சு" என்றார்.

"ஒங்களுக்கு நீளமா வேணும்னா நீங்க வளத்துக்கங்க" என்றேன்.