புட்டீன் எந்த ஊர்ப் பிள்ளை?

புட்டீன் கடையில் கொதிக்கிற எண்ணெயைவிட வாடிக்கையாளர் வாயிலிருந்து தெறிப்பதுதான் அதிகம் சுடும். மாண்ட்ரியலுக்குப் படிக்க வந்து ஏதோ ஒரு கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் சகபாவிகளே, உங்களுக்குத் தெரியாததா! எனக்கு வாய்த்தது அந்நகரின் அஹுன்ட்சிக் பகுதியில் ஒரு கடை. முதலாளிகள் கணவனும் மனைவியும். ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் வைத்துக்கொள்வோம் என்றார்கள். என் தட்டுத்தடுமாறும் பிரெஞ்சுக்கு வேறு யாரும் வேலை தருவதாக இல்லை.

கீச்சிடாத சீஸ்

உருளைக்கிழங்கு வறுவல், மேலே சீஸ் கட்டிகள், அதற்கும் மேலே சூடான கிரேவி. இதுதான் புட்டீன். முதல் நாள் காலை சீஸ் பைகள் மேசைமேல் கிடந்தன. பால் சாமானை இப்படியா வெளியே போடுவார்கள்? பதறிப்போய் அத்தனையையும் ஃபிரிட்ஜில் அடுக்கினேன்.

மதியம் ஒரு பஸ் டிரைவர் ஒரு வாய் மென்றார். நிறுத்தினார். தலையைச் சாய்த்து மறுபடி மென்றார். புது சீஸ் பல்லுக்கடியில் கீச்சிட வேண்டுமாம். ஃபிரிட்ஜில் வைத்தால் அந்தச் சத்தம் போய்விடுமாம்! சாப்பாடு சத்தம் போடவில்லை என்று தட்டைத் திருப்பித் தந்த மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

"இந்த சீஸ் செத்துப்போச்சு. யார் கொன்றது?"

தேசிய உணவு

பாராட்டு வாங்கலாமே என்று கரும்பலகையில் 'கனடாவின் தேசிய உணவு' என்று எழுதிவைத்தேன். வரிசையில் நின்ற ஓர் அம்மாள் என் கையிலிருந்து சாக்பீஸைப் பிடுங்கி, கனடாவை அடித்துவிட்டு, மாண்ட்ரியல் இருக்கும் பிரெஞ்சு மாகாணமான 'கெபெக்' பெயரை எழுதினார்.

"இத்தனை வருஷம் இதைத் தின்கிறோம் என்று மற்ற மாகாணத்துக்காரர்கள் எங்களைக் கேலி செய்தார்கள். இப்போது அவர்களுடையதா?"

தீர்ப்பு

மாதக் கடைசியில் ஒரு சுற்றுலாப் பயணி, புட்டீன் எந்த ஊரில் பிறந்தது என்று கேட்டுத் தொலைத்தார். "டிரம்மண்ட்வில்" என்றார் முதலாளியம்மா. அது அவர் ஊர். "வார்விக்!" என்று உள்ளேயிருந்து கணவரின் குரல்; அது அவர் ஊர். பயணி சாப்பிட்டுப் போய்விட்டார், சண்டை போகவில்லை. இரண்டு நாள் இருவரும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் என்னை நடுவில் நிறுத்தினார்கள். நீ வெளியாள், நீயே சொல்! யாரைச் சொன்னாலும் மற்றவர் என்னை அனுப்பிவிடுவார். "இரண்டு ஊரிலுமே பிறந்திருக்கலாமே" என்றேன். "இரண்டா?" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள். இவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே உள்ளே போனார்கள். வேலை போச்சு என்று ஏப்ரனைக் கழற்றினேன். யாழ்ப்பாணத்துக்காரரான சமையல்காரர் சிவம் அண்ணை என் தோளைத் தட்டினார்.

"ஏப்ரனைக் கட்டும் தம்பி. ரெண்டு நாளைக்குப் பேந்து இப்பத்தான் ரெண்டு பேரும் கதைக்கினம், உம்மை விடமாட்டினம்."

புட்டீனைப் பற்றி எதுவுமே தெரியாது என்ற ஒரே தகுதியில், மறுநாள் புட்டீன் கடையில் என் வேலை நிரந்தரமானது.